கேன்டீன் மேனேஜரின் கடைசிப் புகார்

தொண்ணூறுகளின் கடைசியில், கார்டன் ரீச்சில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கேன்டீன் மேனேஜர் ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, படிய வாரிய தலை, கக்கத்தில் எப்போதும் புகார்ப் புத்தகம். சைக்கிள் ஷெட்டில் இரண்டு ஸ்டவ்வோடு அந்தக் கேன்டீனைத் தொடங்கியவரே அவர்தான். சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரிடமும் புத்தகத்தை நீட்டி, "குறை இருந்தா எழுதுங்கோ" என்பார். எழுதாவிட்டால் கோபம் வரும்.

அவர் ஓய்வுபெற்ற அன்று, அவருக்குச் சிரமம் வேண்டாமென்று யூனியன்காரர்கள் கேன்டீனுக்கு விடுமுறை விட்டு, வெளியிலிருந்து பிரியாணிப் பொட்டலங்கள் வாங்கியிருந்தார்கள். மாலை போட்டு, "கிச்சு போலுன், தாதா" என்று வங்காள மொழியில் ஏதாவது பேசச் சொன்னார்கள். அவர் பொட்டலங்களையே பார்த்தார்.

"என் அடுப்பை அணைச்சுட்டு எனக்கு விருந்தா?" என்று பக்கத்திலிருந்த என்னிடம் கேட்டார்.

"இன்னிக்காவது நீங்க உட்காரணும்னுதான் சார்."

"நாளைலேர்ந்து உட்காரத்தானே போறேன்?"

புத்தகத்தில் விறுவிறுவென்று எழுதி என் கையில் திணித்துவிட்டு, மாலையோடு சமையலறைக்குள் போனார்.

'புகார்: கேன்டீன் இருக்கும்போது வெளிச் சாப்பாடு.' பக்கத்தில், மேனேஜர் நிரப்ப வேண்டிய கட்டத்தில், 'நடவடிக்கை: அரை மணியில் உப்புமா. எல்லோரும் உட்காரவும்.'

உட்கார்ந்தோம். பிரியாணியை ஒருவரும் தொடவில்லை.

உப்புமாவில் உப்பு கொஞ்சம் தூக்கல். புத்தகம் என்னிடம்தான் இருந்தது, நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.