சிமிட்டாத திரை

எங்கள் ப்ரோக்ராமில் ஒரு விண்டோவில் எதைத் தட்டினாலும் மற்ற விண்டோக்களும் சிமிட்டும். "அசிங்கமா இருக்கு, நிறுத்து" என்றார் மேனேஜர் சீனிவாசன் சார். ப்ரோக்ராம் உள்ளே கணக்குப் போட்டு முடிக்கும்வரை எல்லா விண்டோவும் அசையாமல் நிற்கும்படி ஸ்கிரிப்டில் பூட்டுப் போட்டேன்.

இன்று புனே பக்கத்து ரஞ்சன்காவ் ஃபேக்டரியிலிருந்து, ப்ரோக்ராமை வாங்கலாமா என்று பார்க்க வந்தவர் எண்டர் தட்டினார். திரை அசையவில்லை.

"ஹேங் ஹோ கயா" என்றார். ஹேங் ஆகிவிட்டதாம்.

உள்ளே வேலை நடக்கிறது என்று நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் சீனிவாசன் சார் ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டார். பழக்கதோஷம்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தச் சிமிட்டலைத் திரும்பப் போட்டுடுப்பா. வேலை நடக்கறது கண்ணுக்குத் தெரியணும்."

பூட்டை எடுத்தேன். எல்லா விண்டோவும் சிமிட்டின. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆர்டர் கிடைத்தது.

நாளையிலிருந்து நானும் நாற்காலியில் ஆடிக்கொண்டே வேலை செய்யப்போகிறேன். உங்கள் ஆபீஸில் எப்படி?