உள்ளங்கையில் இரண்டு சுற்று

இது நடந்தது கற்பிட்டியில். யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஊரில் புதுசு புதுசாக ஹோட்டல்கள் முளைத்த காலம். தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களை என் போட்டில் கடலுக்குக் கூட்டிப்போவதுதான் அப்போது என் பிழைப்பு.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளிக்கடலுக்குப் போக ஏலாது. அந்த நாட்களில் கரையோரக் களப்பின் அமைதியான தண்ணீருக்குள்தான் என் பாடு. தூண்டில் தடியெல்லாம் கிடையாது. தங்கூசி என்கிற நைலான் நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருப்பேன். களப்பில் அகப்படுவது கையளவு பாரை, மணலை மீன்கள்தான். சுற்றிப் பிடித்தால்தான் அவை கொத்துவது தெரியும். ஐந்தாறு மாதம் இப்படியே இருந்தால் கை அதற்கே பழகிவிடும். வினை அங்கேதான் இருந்தது.

காற்று அடங்கி நான் வெளிக்கடலுக்குப் போன முதல் பயணம் அது. சிலாபத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நெடுநாள் ஆசை, புதுத் தூண்டில் தடியே வாங்கி வந்திருந்தார். அந்த அம்மா வீட்டில் துணி தைப்பவர்; என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார். போட்டில் ஏறியதிலிருந்து தலைசுற்று. முன்பக்கம் பேசாமல் குந்தியிருந்தார்.

கொஞ்ச நேரத்திலேயே தடியில் நூல் சுற்றும் சில்லு இறுகிவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை.

"தடியெல்லாம் வெள்ளக்காரனுக்கு சேர். கையால புடிச்சிப் பாருங்க, அதுதான் மீன்புடி."

என்னுடைய தடித்த தங்கூசியை எடுத்து, தூண்டிலைக் கடலில் இறக்கி, அவர் உள்ளங்கையில் நானே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். நூலின் அடிநுனி போட்டின் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தது. களப்பு வேறு, ஆளையே இழுக்கும் மீன் இருக்கிற கடல் வேறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் ஞாபகமே வரவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். தொப்பென்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் அவர் இருந்த இடத்தில் ஆள் இல்லை. கத்தக்கூட இல்லை மனிதர். அவர் போட்டிருந்த செம்மஞ்சள் மிதவை அங்கி தண்ணீருக்குள்ளே இறங்கிப் போவதை என் கண்ணால் கண்டேன். மிதக்க வேண்டியது தாழ்கிறது! யா அல்லாஹ்!

நூல் ஓடி முடிந்து பலகையில் வெடுக்கென்று நின்றது. போட்டே ஒரு பக்கம் சரிந்தது. ஆளுயரக் கணக்கில் பத்துப் பாகம் தள்ளி அவர் தலை மேலே வந்தது. ஒரு பக்கம் மீன் இழுக்கிறது, மறுபக்கம் போட் பிடித்திருக்கிறது, நடுவில் அவருடைய கை. நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு பலகையில் இருந்த நூலை வெட்டப் பாய்ந்தேன்.

என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். அந்த அம்மா.

"வெட்டாதீங்க நானா! இத வெட்டினா அவர் மீனோட போயிடுவார்! அவருக்கு அங்கால வெட்டுங்க!"

கடலே தெரியாத மனுஷி சொன்னதுதான் சரி. ஒரு நொடி பிந்தியிருந்தால் நானே அவரை அனுப்பி வைத்திருப்பேன். கத்தியோடு குதித்தேன். நூலைப் பிடித்துப் பிடித்துப் போய், அவர் கைக்கு அப்பால் இருந்ததை அறுத்தேன். அந்த அம்மா தனியாக நின்று எங்கள் இரண்டு பேரையும் நூலாலேயே போட்டுக்கு இழுத்தார். அது என்ன மீன் என்று இன்றுவரை தெரியாது.

உயிர் தப்பியது. அவர் கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது ஆசிரியர் சொன்னார், "நான்தான் தெரியாம சுத்திக்கொண்டன்." நான் பக்கத்திலேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

வெளியே வாங்குப் பலகையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நெஞ்சு பொறுக்காமல் போய்ச் சொன்னேன்.

"சுத்திவிட்டது நான்தான் மிஸ்."

"தெரியும் நானா. பாத்துக்கொண்டுதான் இருந்தன். நூல் எப்பிடி இறுக்கும் எண்டு எனக்குத் தெரியும். பயமாத்தான் இருந்தது. நீங்க கடல்காரர், உங்களுக்குத் தெரியாததா எண்டு சும்மா இருந்திட்டன்."

திட்டவில்லை. தான் பேசாமல் இருந்தது பெரிய குற்றம் மாதிரி அழுதார். அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இன்றும் தொழில் அதேதான். ஆனால் என் போட்டில் யாராவது பயந்த முகத்தோடு, எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வாய்மூடி இருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு "என்ன, சொல்லுங்க" என்று கேட்காமல் என்னால் ஒரு பாகம்கூட முன்னால் போக முடிவதில்லை.