ஒரு கூழைக்கடாவும் ஒரு கண்ணும்

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோபத்தில் கண்ணாடி அலமாரியை உதைத்து உடைத்திருக்கிறேன். பார்க்கிங் தகராறில் ஒருவன் சட்டையைக் கிழித்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். அந்தக் கையால்தான் என் நண்பனின் வலது கண்ணையும் கெடுத்தேன்.

அவன் மயிலாப்பூரில் பல் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவருக்கும் பறவைப் படம் எடுக்கும் பைத்தியம். தீபாவளி வியாபாரமும் முடிந்து மழையும் விட்ட ஒரு வாரத்தில், மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாயில் படகிலேயே சுற்றுவது என்று கிளம்பினோம். "ஊரே கேரளாவுக்குப் போகுது, நீங்க சாக்கடையில போறீங்களாக்கும்!" என்று என் மனைவி சிரித்தாள். கொட்டிவாக்கத்துக்காரர் ஒருவர் தன் ஃபைபர் படகைக் கொண்டுவந்தார். பகலில் படகு, ராத்திரிக்கு ரோட்டோரமாக ஒரு லாட்ஜ். முதல் நாள் பூராவும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும்தான். மனைவி சொன்னது சரிதானோ என்று தோன்றியது.

இரண்டாம் நாள் காலை, நாற்றம் போய் உப்பு வாடை வந்த இடத்தில், தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பத்தின் மேல், பை தொங்கும் நீள அலகோடு ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. அது சிறகு விரித்துக் கிளம்பும் அந்த ஒரு நொடி எனக்கு வேண்டும். இரண்டு மணி நேரம் படகில் குப்புறக் கிடந்தேன். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான்: பறவையை விரட்டக் கூடாது, அதுவாகப் பறக்க வேண்டும். கல்லெறிந்து பறக்க வைத்துப் படம் எடுப்பவர்களோடு நாங்கள் இருவரும் சேர்ந்தே சண்டைக்குப் போயிருக்கிறோம்.

என் கேமராவில் பேட்டரி தீர்ந்தது. "மாத்திக்கோடா, நான் பார்த்துண்டிருக்கேன்" என்றான். நான் குனிந்து பையைத் திறந்தேன். டமாரென்று ஒரு சத்தம். தண்ணீர் இறைக்க வைத்திருந்த தகர டின்னைக் காலால் உதைத்திருந்தான். நான் நிமிர்வதற்குள் பறவை எழும்பிவிட்டது. அவன் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் சடசடவென்று படமாக எடுத்துத் தள்ளினான்.

"பாருடா, சிறகு நுனி வரைக்கும் ஷார்ப்!" என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

கோபம் வந்தால் எனக்கு அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும். "ஏல, விரட்டியால எடுத்த?"

"உக்காந்துண்டே இருந்தா ஜன்மத்துக்கும் கிடைக்காதுடா. உனக்குப் பொறாமை, அவ்வளவுதான்."

பொறாமைதான். அது உண்மை என்பதால்தான் தாங்க முடியவில்லை. கன்னத்தில் அறைந்தேன். அவனும் சளைத்தவனில்லை; வாயில் குத்தினான். என் முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். கழுத்தைப் பிடித்து அவனைப் படகின் விளிம்பில் அழுத்தினேன். என் மணிக்கட்டைக் கடித்தான். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது.

"இன்னா சார், ரெண்டு பேருக்கும் பைத்தியமா புட்ச்சிக்கீது? படகு கவுந்துடும் சார்!" என்று படகுக்காரர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சண்டை அவ்வளவில் முடிந்துபோனதுதான். எனக்குத்தான் முடியவில்லை. கேமராவைத் தாங்கும் கம்பு காலடியில் கிடந்தது. எடுத்து ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன்.

அவன் அலறவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்னடா பண்ணிட்டே?" என்று மெதுவாகக் கேட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

கரையில் ஆட்டோவில் ஏற்றும்போது படகுக்காரர், "ஆஸ்பத்திரில கேட்டா இன்னா சார் சொல்றது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்கோ" என்றான். நான் மறுக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

மூன்று ஆபரேஷன் நடந்தது. பார்வை திரும்புமா என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் பேச்சு. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாய்க்குள் ட்ரில்லைப் பிடிக்க முடியாது. க்ளினிக் பூட்டியே கிடந்தது. எட்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் பழப்பையோடு போய்வந்தேன். அவன் மனைவி காபி கொடுப்பாள். வருகிறவர்களிடமெல்லாம், "இவர்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினவர்" என்று சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எவ்வளவு அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கடைசியாகப் போன ஞாயிறன்று அவள் காபியை வைத்துவிட்டு நின்றாள். "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். நேத்து க்ளினிக்கை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு."

அவன் எதிர் நாற்காலியில் இருந்தான். "சிஸ்டர், அவன் விழல. நான்தான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, அதிரவும் இல்லை. "தெரியும். அன்னிக்கே இவர் எங்கிட்ட சொல்லிட்டார்" என்றாள். "அவனா வந்து சொல்லுவான், அது வரைக்கும் நீ ஒண்ணும் கேக்காதேன்னார். ஒவ்வொரு வாரமும் இன்னிக்கு சொல்லிடுவேள்னு காத்துண்டு உக்காந்திருப்பார். நீங்க மழையைப் பத்திப் பேசிட்டுப் போயிடுவேள்."

"டேய்" என்று அவன் பக்கம் திரும்பினேன். அவன் எழுந்து, வலது பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

"காபி ஆறறது. குடிச்சுட்டுக் கிளம்புங்கோ" என்றாள் அவள். "இனிமே வர வேண்டாம்."

ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.