நாற்பத்தொன்றாம் பக்கத்துப் படம்

1. பழைய வார இதழ் ஒன்றில் வந்த துப்பறியும் தொடர்கதையை யாரோ வாராவாரம் வெட்டியெடுத்து பைண்டு செய்திருந்தார்கள். அதைக் குரோம்பேட்டையில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் வாங்கினேன்.
2. பதினான்காம் வாரத்தில் ஒரு தாள் இல்லை. கொலைகாரனைக் காட்டும் முழுப்பக்க ஓவியம் அதில்தான்; 'கொலைகாரன் யார்? 41-ஆம் பக்கம் பார்க்க' என்று முந்தைய பக்கத்தின் அடியில் அச்சிட்டிருந்தது.
3. பழைய புத்தகம் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில், அக்கா படங்களை அறுத்துத் தனியாக விற்கிறார் என்று எழுதினேன்.
4. அக்காவிடம் கேட்கவில்லை.

கதையும் அப்படிப்பட்டது. அரிய புத்தகங்களிலிருந்து ஓவியங்களை அறுத்து, சட்டம் போட்டு விற்கிறார்கள். சேகரிப்பாளர் ஒருவர் கொலையாகிறார். எல்லோரும் சந்தேகப்படுவது புத்தகக் கடைக்காரரை. பதின்மூன்று வாரம் அதைப் படித்தவளுக்குப் பதினான்காவதில் தாள் இல்லை என்றதும் வேறெதுவும் தோன்றவில்லை. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மறுபடி நடத்திக் காட்ட முடியாத பிழையை யார் தலையிலும் கட்டக் கூடாது என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைக்கு நேரில் வருபவர்கள் குறைவு. குழுவில் வரும் ஆர்டர்தான் அக்காவின் பிழைப்பு. நான் எழுதிய பிறகு அந்த வாரம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மாதம் தவறாமல் வரும் பள்ளி ஆசிரியர், எடுத்துவைக்கச் சொல்லியிருந்த புத்தகக் கட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் தெரியாமல், தாளைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று சனிக்கிழமை போனேன்.

"இன்னாம்மா, தனியா வந்துகீற? போலீஸ் கூட்டிக்கினு வரல?" என்றார் அக்கா.

புத்தகத்தை வாங்கி, அந்த இடத்தில் நன்றாக விரித்து, நடு மடிப்பில் நகத்தை ஓட்டினார்.

"தெச்ச புக்குல தாளை அறுத்தா, தையலாண்ட துண்டு நிக்கும். கை வெச்சுப் பாரு. துண்டு எதுனா கீதா?"

இல்லை. அப்படியென்றால் பைண்டு செய்யும்போதே அந்தத் தாள் இருந்திருக்கவில்லை.

அக்கா புத்தகத்தை மூடி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து இன்னொரு தொகுப்பை எடுத்தார். பொழிச்சலூரில் ஒரே வீட்டிலிருந்து, ஒரே மூட்டையில் வந்தவை இரண்டும். அதே பச்சைத் துணி அட்டை. இது அதே இதழில் வந்த குடும்பத் தொடர். பதினான்காம் வாரத்தைத் தேடி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்தார். மாமியார் அழுதுகொண்டிருந்தார். தாளைத் திருப்பினார். நாற்பத்தொன்றில் என் ஓவியம்.

ஒரே தாளின் முன்பக்கம் ஒரு தொடர், பின்பக்கம் இன்னொன்று.

"ஒரே வூட்ல ரெண்டு கத்திரி. முந்திக்கினவங்களுக்குத் தாளு."

எங்கள் வீட்டில் அம்மா சமையல் குறிப்பை வெட்டினால் அதன் பின்னால் அப்பாவின் குறுக்கெழுத்துப் போட்டி போய்விடும். அந்தச் சண்டையைக் கேட்டே வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஓவியத்தில் கத்தியோடு நின்றவன் கொலையானவரின் மருமகன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாத்தியா, உன் கதையிலயே கடைக்காரன் பண்ணல."

மன்னிப்புக் கேட்டேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க சொன்னியோ அங்க சொல்லு."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். "தவறு நேர்ந்துவிட்டது" என்ற இடத்தில் நிறுத்தி, அது தானாகவா நேர்ந்தது என்று கேட்டார். "அவரிடம் கேட்காமல் எழுதினேன்" என்று மாற்றினேன்.

திருத்தம் குழுவில் இருக்கிறது. என் முதல் பதிவை இரண்டு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அது எங்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது. ஆர்டர்கள் பாதி அளவுக்குத் திரும்பியிருக்கின்றன. இரண்டு தொகுப்புகளும் இப்போது என்னிடம்; அந்தத் தாளைப் பிரிக்காமல் குடும்பத் தொடரிலேயே விட்டிருக்கிறேன். ஆசிரியருக்கு நானே போன் செய்து சொன்னேன், சரி என்றார். இன்னும் வரவில்லை. அவருடைய கட்டு அக்காவின் மேசைக்கடியில் அப்படியே இருக்கிறது.