கூட யாரு வந்திருக்கீங்க?

போன வருடம் கார்த்திகையில் நடந்தது. நான் மாரண்டஹள்ளிப் பக்கம், தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கணவர் இல்லை, ஒரே மகன் பெங்களூரில். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு.

சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "கணையம் பெருசா தெரியுதும்மா. நாளைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம். வூட்டாளுங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கணையம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயம் வந்தது அவர் கடைசியாகச் சொன்னதில்தான். எங்கள் பக்கம் கெட்ட வியாதி என்றால் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள். என் கணவருக்கும் அப்படித்தான். உள்ளே போய்க் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டேன். "சாப்டியாம்மா?" என்றான். அவனுக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம். "சாப்டேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். வடித்த சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் தனியாகத்தான் போனேன். "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டதும் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணவரைக் காட்டுவதற்காகச் சித்தேரி மலையிலிருந்து வந்து, பக்கத்தில் காத்திருந்த ஓர் அம்மா சட்டென்று எழுந்தார்.

"நாந்தாங்க, இவ அக்கா." பிறகு என் காதோரம், "உம் பேரு என்னடி? கேட்டா சொல்லணும்ல" என்றார்.

ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் மருந்து ஏற்றும்போது நர்ஸ் சொன்னார், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாதாம், அதற்காகத்தான் கூட ஆள் கேட்பார்களாம். நான் நம்பவில்லை. ஸ்கேன் முடிந்து டாக்டர் கூப்பிட்டதும், "அக்காகிட்டயே சொல்லிடுங்க சார், நான் வெளிய இருக்கேன்" என்றேன்.

"ஒடம்பு உங்களுதும்மா. உக்காருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். "தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு கறுப்பா தெரியுதுங்களா? கணையமும் அதே கறுப்பு. அது இருக்கற எடத்துல கொழுப்பு சேந்து பெருசா காட்டுது. அதனாலதான் சாப்புடறது செரிக்கல. புத்துநோய் கட்டி எதுவும் இல்ல. சாப்பாட்டோட மாத்திரை போட்டா செரிச்சிடும்."

"இந்தக் குச்சி ஒடம்புலயா கொழுப்பு!" என்றார் அக்கா. டாக்டரே சிரித்துவிட்டார். நான் அழுதேன்.

அடுத்து அக்காவின் கணவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கணவரை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அக்கா மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வெளியே வந்தார்.

"ஒண்ணுமில்லையாம், வாங்க போலாம்" என்று அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். போகும்போது என் தோளை ஒரு தடவை அழுத்தினார்; நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்றைக்கும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மாத்திரையைப் பிரிக்கும்போதெல்லாம், அன்றைக்கு என்கூட நின்ற அந்த அக்காவுக்கு இப்போது யார் கூட இருக்கிறார்களோ என்றுதான் மனசு போகிறது.