அரைக் கிலோ வத்தலுக்கு விழுந்த பூட்டு

எந்தக் கடையில் பணம் செலுத்தினாலும் "நூற்று இருபது ரூபாய் கிடைத்தது" என்று ஒரு குட்டிப் பெட்டி எட்டுக் கடைக்குக் கேட்கும்படி கூவுகிறதே, அந்தப் பெட்டியைக் கடைக்காரர்களின் தலையில் கட்டுவதுதான் என் தொழில். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, தம்பானூர் மூன்றும் என் எல்லை. வேலை பார்த்த சீட்டு நிறுவனம் மூடிப்போன பிறகு, ஐம்பத்து நான்காவது வயதில், ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கிளம்பியவன் நான். நீங்களும் பலசரக்குப் பையும் கையுமாக, கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி நின்றிருப்பீர்கள். பின்னால் நிற்பவர் உங்களை ஏமாற்றுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்திருப்பார். அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கோபிக்காமல் கேளுங்கள்.

சகலைக்குக் கேட்ட வரவு

ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் தங்கையா அண்ணாச்சியைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கரண்டு போனால் என்ன ஆகும், நெட்டு போனால் என்ன ஆகும், கைபேசியை எலி கடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி வைத்திருப்பார். கடைசியில், "அது சரி, ரூவா எங்கவே இருக்கும்?" என்று கேட்டார். "உங்க கணக்குல அண்ணாச்சி. உங்க பணத்த உங்களைத் தவிர யாரு தொட முடியும்?" என்றேன். இது நிறுவனம் சொல்லிக்கொடுத்த வசனம் அல்ல. நானே சேர்த்துக்கொண்டது. சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது. அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பெட்டி ஒரு சாக்குக்குள் சுற்றிக் கிடந்தது. யாரோ பணம் அனுப்ப, கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவதுபோல உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. விஷயம் இதுதான். பக்கத்துக் கடை அவருடைய சகலையினுடையது. முதல் நாள் பெட்டி பதினெட்டாயிரத்து நானூறு என்று அறிவித்த பத்தாவது நிமிடம், சகலை சிரித்த முகத்தோடு கைமாற்றுக் கேட்டு வந்துவிட்டார். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன். அண்ணாச்சிக்கு ஆறவில்லை. "என் வரவ சகலபாடிக்கு வாசிச்சுக் காட்டதுக்கு நான் உமக்கு மாச வாடக தரணுமாவே?"

அறை வாடகையும் ஒரு சாயாவும்

தம்பானூரில் லாட்ஜ் நடத்தும் விஜயன் சேட்டன் ஒருநாள் அவசரமாக அழைத்தார். கோவளம் போகும் வழியில் ஓர் இரவு தங்கிய வெளிநாட்டு இளைஞன், வாடகையைக் கிரிப்டோவில்தான் தருவேன் என்கிறானாம். "சார் இந்த லைன்ல உள்ள ஆளல்லவோ, வந்து பார்க்கணும்" என்றார். எனக்கு அந்த லைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனேன்.

பையன் நல்ல பையன். இந்தப் பணத்தை எந்த வங்கியும் பூட்ட முடியாது, எந்த அரசாங்கமும் கேள்வி கேட்க முடியாது என்று விளக்கினான். கைபேசித் திரையில் வாடகை ரூபாயாக மாறித் தெரிந்தது. அதற்குள் குடிக்கச் சாயா வந்தது. குடித்துவிட்டுப் பார்த்தால் தொகை குறைந்திருந்தது. இன்னொரு விஷயத்தையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பழைய கணக்கொன்றைத் திறக்கப் பன்னிரண்டு சொற்கள் வேண்டுமாம். எழுதிவைத்த தாள் மழையில் கரைந்துவிட்டதாம். பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க முடியாது. பூட்ட ஆளில்லாத இடத்தில் திறக்கவும் ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிவில் அவன் ரூபாய் நோட்டு கொடுத்துவிட்டுப் போனான். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே விஜயன் சேட்டன் சொன்னார்: "ஒரு சாயா குடிச்சு முடிக்கும் முன்னே மூணு சாயாக் காசு போயி. வாடகை கூட்டவும் குறைக்கவும் ஞான் இல்லேன்னா, இந்த லாட்ஜு எனக்கு எதுக்கு சாரே?"

பக்கத்து வண்டி

ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்கள் ஒன்றையொன்று உரசியபடி நிற்கும். ஸ்கேன் செய்து பணம் கட்டும் ஸ்டிக்கரை, ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் கம்பியின் இடப்பக்கம் ஒட்டியது என் புத்திசாலித்தனம். ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஒரு பயணி இறங்கி, அவசரத்தில் பக்கத்து வண்டியின் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்துவிட்டு ஓடினார். பக்கத்து வண்டிக்காரர் சாயா குடிக்கப் போயிருந்தார். ஓட்டிவந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டியது ஞான், டீசல் என்டெ, காசு அவனுக்கு. இத வீட்டுல போய்ச் சொன்னா அவளு நம்புமோ சாரே?"

முகம் தெரியாத வாடிக்கையாளர்

ஆரியசாலை மொத்தக் கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முகம் தெரியாதவனுக்குத் தராசைத் தொடக் கூடாது. வருபவன் எந்த ஊர்க் கடை, யார் சொல்லி வந்தான் என்று தெரிந்த பிறகுதான் மூட்டையைப் பிரிப்பார்கள். தெருவில் போகிறவன் அரைக் கிலோ கேட்டால், "சில்லறை இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அண்ணாச்சியிடம் அந்தச் சட்டத்தை உடைத்தவன் நான். ஸ்டிக்கர் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, போகிற வருகிறவர்களுக்கும் கொடுத்தால் என்ன என்றேன். எண்ணிக்கை கூடினால் எனக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதைச் சொல்லவில்லை.

அப்படி வந்த யாரோ ஒருவர் அரைக் கிலோ வத்தல் வாங்கி, நூற்று முப்பது ரூபாயை ஸ்கேன் செய்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து அண்ணாச்சியின் கணக்கு முடங்கியது. நானும் அவரோடு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வடக்கே ஏதோ மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம் பல கை மாறி வந்ததாம். அதில் நூற்று முப்பது ரூபாய் இவர் கணக்கில் விழுந்திருக்கிறதாம். அந்த ஊர்ப் போலீஸ் கடிதம் எழுதி மொத்தக் கணக்கையும் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறதாம். "அந்த நூத்தி முப்பத எடுத்துக்கிடச் சொல்லும்மா. இருநூறாவே எடுக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். உடனே சிரித்ததற்கு வருந்தியவளாக, "பேடிக்க வேண்டாம் அங்கிள். பணம் எல்லாம் பத்திரமா உண்டு. எடுக்க மட்டும் முடியாது" என்றாள்.

பெட்டி நிறுத்தவில்லை

வேடிக்கையைக் கேளுங்கள். கணக்கிலிருந்து எடுக்கத்தான் தடை, உள்ளே வருவதற்கு இல்லை. பழக்கதோஷத்தில் வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்ய, பெட்டி பாட்டுக்கு "கிடைத்தது, கிடைத்தது" என்று அறிவித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி ஸ்டிக்கரின் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். அதையும் விலக்கி ஸ்கேன் செய்தார்கள்.

நான் அந்தத் தெருப் பக்கமே போகாமல் பத்து நாள் சுற்றுவழியில் போனேன். யாரு தொட முடியும் என்று கேட்டவன் நான்தானே. அது பொய்யா, அறியாமையா? பொய் சொல்கிறவனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டிவிட்டு, கொச்சியில் இருக்கும் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவருக்கு வயது முப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்டி பேசுதா சார்? பேசுதுல்ல? அப்போ நம்ம சைடு ஓக்கே."

கையில் தருகிறோம், போனில் வேண்டாம்

பிரச்சினை வத்தல் அல்ல. அண்ணாச்சியின் மகள் ஷைனிக்கு மாநில எல்லைக்கு அந்தப்புறம் ஒரு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. முதல் வருடக் கட்டணம் தொண்ணூற்று இரண்டாயிரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. நல்ல சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளி, தொகை முழுவதையும் ரொக்கமாகத் திரட்டிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கல்லூரிக்கே போனார். அங்கே பணம் வாங்கும் ஜன்னலே இல்லை. எல்லாம் இணையத்தில்தான். கையில் பணம் இருக்கிறது, கட்ட இடம் இல்லை. கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க வழி இல்லை.

ரொக்கத்தை வாங்கிக்கொண்டு உங்கள் போனிலிருந்து கட்டுங்கள் என்று சொந்தக்காரர்களைக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கோ பயம்; வேண்டுமானால் கையில் தருகிறோம், போனில் வேண்டாம் என்றார்களாம். பூட்டு அம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று ஆரியசாலை முழுவதும் பேச்சு. அப்படி ஒட்டாது என்று நான் இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? உண்மையில் எனக்கே நிச்சயம் இல்லை. சீட்டு நிறுவனத்திலிருந்து கிடைத்ததில் மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம் என் கணக்கில் இருந்தது. எங்களுக்கு இருப்பது அதுதான். அதிலிருந்து ஷைனிக்குக் கட்டப் போகிறேன் என்று வியாழக்கிழமை மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "போகாம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. போனா எனக்கு வராது. யாரு முழிச்சிருக்கணும்னு நீங்களே தீர்மானிங்க."

வெள்ளிக்கிழமை

நாலு மணிக்குக் கடையில் போய் நின்றேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஷைனி கல்லாவுக்குப் பக்கத்தில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றாள். நான் என் போனிலிருந்து கட்டுகிறேன் என்றேன். சொல்லிவிட்டு, விரல் பொத்தானுக்கு மேலே நிற்க, என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டது: "ரொக்கம் இங்கயே இருக்குல்லா அண்ணாச்சி?" இரண்டு வருடமாக இந்தத் தெருவில் ரொக்கம் பழங்காலம் என்று பிரசங்கம் செய்தவன் கேட்ட கேள்வி இது. ஷைனி தரையைப் பார்த்தாள். அண்ணாச்சி எழுந்து, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். அடுக்கடுக்காக நோட்டு. வத்தல் நெடி. மூன்று முறை தும்மினேன்.

அழுத்தினேன். வட்டம் சுற்றியது. மெசேஜில் வர வேண்டிய கடவு எண் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். "மாமா, வாசல்ல நின்னா ரேஞ்ச் கிட்டும்" என்றாள் ஷைனி. மூவரும் தெருவில், சுமைவண்டிகளுக்கு நடுவே, என் கைபேசியைச் சுற்றி நின்றோம். சகலையும் தன் கடையிலிருந்து இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். நாலு நாற்பத்தாறுக்குப் பச்சை நிறத்தில் ரசீது வந்தது. ஷைனி அதைப் படம் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குச் சொல்லக் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்கு ஓடினாள். (கணக்கின் பூட்டு அதற்குப் பிறகு ஆறாவது வாரம், எப்படி விழுந்ததோ அப்படியே யாரும் சொல்லாமல் கழன்றது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அது உதவியிருக்காது.)

நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாயில் வந்ததோ, "திங்கட்கிழமை காலைல இத பேங்குல போட்டுருதேன் அண்ணாச்சி" என்பதுதான். அவர் பொட்டலத்தைச் சணலால் இறுக்கிக் கட்டி, என் கையைப் பிடித்து அதில் வைத்தார். "அவசரப்பட்டுக் கொண்டுபோய்ப் போட்டுராதயும். கொஞ்ச நாளு வீட்டுல இருக்கட்டும்வே, அதுவர உம்ம ரூவாயா இருக்கும்."

இரண்டு மாதமாகப் பொட்டலம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது, வீடு முழுக்க வத்தல் நெடியில் நாங்கள் தும்மிக்கொண்டிருக்கிறோம், நாளைக் காலை ஒன்பது மணிக்கு ரொக்கத்தை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்காரருக்கு நான் விளக்கப் போக வேண்டும்.