லீவு டீச்சர் கூட்டிவந்த பிள்ளைகள்

மலையாள நாட்டில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் சுசீலாபாய்க்கென்று ஒரு நாற்காலி கிடையாது. யார் பேறுகாலத்துக்கு லீவில் போனார்களோ, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். நாற்காலிக்காரி கைப்பிள்ளையோடு எட்டிப்பார்க்க வந்துவிட்டால் எழுந்து சன்னலோரம் நிற்பாள்.

பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஆசிரியப் பயிற்சி முடித்துத் தேறியவள். அப்படியும் பதினொரு வருஷம் இதே கதிதான். இங்கே மூன்று மாதம், அங்கே ஆறு வாரம். ஒரு டீச்சருக்கு மஞ்சள்காமாலை, இன்னொருத்திக்குக் கால் முறிவு என்று வந்தால்தான் இவள் வீட்டு அடுப்பு எரியும். அடுத்தவள் கால் முறியட்டும் என்று மனசு தப்பித்தவறிக்கூட நினைத்துவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் கர்த்தரிடம் முழங்காலிட்டு வேண்டிக்கொள்வாள். ஒரு நல்ல பெண்ணை இப்படியெல்லாம் வேண்டவைத்தது யார் செய்த பாவம்?

மத்தியான உப்புமாவுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும், ஆண்டுவிழாவுக்குத் தோரணம் ஒட்டுவதும் அவள் தலையில்தான். ரோஸ் டீச்சர் எல்லார் முன்னாலும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “சுசீலே, உனக்கு வேண்டித்தான் நான் இனியும் ஒண்ணு பெறப்போறேன், அல்லே?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சுசீலாபாயும் கூடச் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் அடுத்த லீவுக்குக் கூப்பிடமாட்டார்களே!

எழுபத்துமூன்றாம் வருஷம் தமிழ்ப் பிரிவில் மூன்றாம் வகுப்பு எடுத்த சார் பென்ஷனாகிப் போனார். அந்த இடம் யாருடைய லீவும் இல்லை, நிலையான இடம். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஆறாம் நாள், அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணுவார். தலை குறைந்தால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்கள். பிரிவு போனால் டீச்சர் இடமும் போச்சு.

தலைமையாசிரியர் அழகியநம்பி அவளைக் கூப்பிட்டார். “டீச்சரே, முப்பது பிள்ளை வேணும். இருக்கிறது இருபத்திரண்டு. எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்க. பின்னே அந்த இடம் உங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்து உடைமைக்காரர், மேனேஜரே வாக்குக் கொடுத்தாச்சு.”

கொட்டுகிற மழையில் ஆரியசாலைச் சந்துகளில் குடையோடு அலைந்தாள் சுசீலாபாய். ஒரு சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், பெண்கள் மண்டியில் மிளகாய்க்காம்பு கிள்ளுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தும் வராமல் நின்றுபோன பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஆனால் சந்தே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. வைகாசிக் கடைசி வெள்ளி ஊரில் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. எண்ணிக்கையும் அதே வெள்ளிதான்.

“கொடைக்குப் போகாம இருக்க முடியுமா டீச்சர்? சாமி கண்ணைக் குத்திப்புடும்” என்றாள் சுடலைமாடத்தி. அந்தப் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்க அக்கா. காலையில ஒரு நேரம் பிள்ளைக பெஞ்சில இருந்தா மதி, அது போதும்.”

“சாயங்காலம் பஸ் ஏறினா விடிஞ்சுதான் ஊர்ல கால் வைக்கணும். படைப்பெல்லாம் முடிஞ்சிருக்கும்.” மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இம்புட்டு மழையில வந்திருக்கிய. இதுல உங்களுக்கு வேலை நிலைக்குமா?”

“நிலைக்கும்னு சொல்லியிருக்காங்க.”

“அப்பம் இருக்கோம். மாடன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பொம்பளை படுத பாடு அவருக்குத் தெரியாதா?”

வெள்ளிக்கிழமை எட்டுப் பிள்ளைகளும் எண்ணெய் தேய்த்துத் தலைசீவி வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். முப்பது. பிரிவு பிழைத்தது. பரம்பரையாய்க் கும்பிட்ட சாமியின் கொடையை விட்டு அந்த ஏழைகள் கொடுத்த தலைகள் அவை.

திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்பில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மேனேஜருடைய தங்கை மகள். பயிற்சி முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அழகியநம்பி சுசீலாபாயின் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினார். “இதில ஒரு ஒப்பு இடுங்கோ டீச்சரே. ஓணம் கழிஞ்சா ரோஸ் டீச்சர் லீவு. அது உங்களுக்குத்தான்.”

அதே காகிதம். ‘என் சொந்த விருப்பத்தால் விலகுகிறேன். இனி இந்தப் பள்ளியில் எந்த உரிமையும் கோரமாட்டேன்.’ ஒவ்வொரு லீவின் கடைசி நாளும் இதை நீட்டுவார்கள். எல்லாரும் போடுகிற கையெழுத்துதானே என்று இத்தனை வருஷம் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“இது எதுக்கு சார், ஒவ்வொரு தடவையும்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “லீவில வேலை பார்த்தவங்களுக்குத்தான் காலி இடத்தில முதல் பாத்தியதை. சட்டம் அப்படி. அதான் மேனேஜர்...”

சட்டம் அவள் பக்கம் இருந்திருக்கிறது! அவள் கையாலேயே அதை அவிழ்த்துப் போடவைத்திருக்கிறார்கள்.

“எட்டுப் பிள்ளைகளோட அம்மாமார்கிட்ட நான் என்ன சொல்லட்டும் சார்? மேனேஜர் மருமகளுக்காகத்தான் கொடையை விட்டீங்கன்னு சொல்லட்டுமா?”

“ஒச்சை வைக்காதீங்கோ, மெல்லப் பேசுங்கோ. ஒப்பு இடலைன்னா இனி லீவுக்கும் கூப்பிடமாட்டாங்க. பழைய காகிதமெல்லாம் ஃபைல்ல இருக்கு, கேட்டேளா?”

“இருக்கட்டும். இது அதுல சேராது.” காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். நேரே மிளகாய் மண்டிக்கு நடந்தாள்.

சங்கதி கேட்டதும் சுடலைமாடத்தி மண்டியே அதிரக் கத்தினாள். “நாங்க மாடனைக் காக்கவச்சது உங்களுக்காக. மேனேஜர் வீட்டுப் பிள்ளைக்கா? நடங்க, எங்க போய்ச் சொல்லணும்?”

மறுநாள் கல்வி ஆபீஸ் வராந்தாவில் மிளகாய் நெடியோடு எட்டுப் பெண்கள் நின்றார்கள். பதினொரு வருஷக் கணக்கையும், எட்டுப் பிள்ளைகளின் பெயரையும் சுசீலாபாய் மனுவில் எழுதியிருந்தாள். கீழே எட்டுக் கைநாட்டு.

“லீவு வேக்கன்சியோ? அங்கோட்டு வச்சிட்டுப் போ” என்றான் கிளார்க்கு, தலைநிமிராமல்.

“வச்சிட்டுப் போகமாட்டேன். வாங்கினதுக்கு சீல் குத்தித் தாங்க” என்றாள் சுசீலாபாய்.

பின்னால் நின்ற பெண்களில் யாரோ தும்மினார்கள். ஒருத்தியும் நகரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டியபிறகு, கிளார்க்கு மைப்பெட்டியைத் திறந்தான்.